நாலாவது இடத்துக்குப் போன ஆர்த்தோ

இந்த எபிசோடு ஒரு அல்காரிதம் பற்றி, எங்க பெரியம்மா பொண்ணு பற்றியும்தான். அக்காகிட்ட அனுமதி வாங்கிட்டுதான் பேசுறேன்.

அக்கா அமெரிக்காவில் டாக்டருக்குப் படிச்சவங்க. அங்கே எம்.டி. பட்டம் மட்டும் போதாது. ஏதாவது ஒரு துறையில் ரெசிடென்சி பயிற்சி வேணும். அந்த இடங்களை நிரப்புறதுக்குப் பேரு 'மேட்ச்'. விண்ணப்பிக்கிறவங்க ஆஸ்பத்திரிகளை வரிசைப்படுத்துவாங்க, ஆஸ்பத்திரிகள் இவங்களை வரிசைப்படுத்தும், கம்ப்யூட்டர் சேர்த்து வைக்கும். மார்ச் மாசம் ஒரு திங்கட்கிழமை, இடம் கிடைச்சதா இல்லையான்னு மட்டும் மெயில் வரும். எங்கேன்னு தெரிய வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கணும்.

அக்கா ஆர்த்தோவுக்கு மட்டும் போட்டாங்க. போட்டி அதிகம். திங்கட்கிழமை மெயில்ல 'இல்லை'ன்னு வந்துச்சு. அந்த வாரமே மிச்ச இடங்களுக்கு நடக்கிற 'சோப்' சுற்றில், ஒரே ஒரு வருஷத்துக்கான சர்ஜரி இடம் கிடைச்சுது. அது முடிஞ்சா மறுபடி தெருவுக்கு வந்த கதைதான்.

அந்த வருஷம் ஆபரேஷன் தியேட்டர்ல நிக்கும்போது, அக்கா கண்ணு எலும்பு மேல இல்லையாம். திரைக்கு அந்தப் பக்கம், பிரஷர் சரியும்போது பதறாம மருந்து ஏத்துற மயக்கவியல் டாக்டர் மேல இருந்துச்சாம்.

அதனால ரெண்டாவது தடவை மயக்கவியலுக்குப் போட்டாங்க. பழைய விண்ணப்பத்தில் துறைப் பேரை மட்டும் மாத்தி அனுப்பல. கட்டுரையைப் புதுசா எழுதினாங்க, மயக்கவியல் டாக்டர்கள்கிட்ட சிபாரிசுக் கடிதம் வாங்கினாங்க. எல்லா இன்டர்வியூலயும் ஒரே கேள்வி: "ஆர்த்தோ கிடைக்கலன்னுதானே இங்க வந்தீங்க?" அக்கா ஆமான்னு ஒத்துக்கிட்டு, அந்தத் திரைக்கதையைச் சொன்னாங்க.

ஆனா ஒரு ரகசியம். ஆசை விடாம ஆர்த்தோவுக்கும் சில இடங்கள்ல போட்டிருந்தாங்க. ஒரு இன்டர்வியூ வந்துச்சு.

லிஸ்ட் கொடுக்க ரெண்டு நாள் இருக்கும்போது போன். "டேய், நீ புரோகிராம் எழுதுறவன்தானே? ஆர்த்தோவை முதல்ல போட்டு அது கிடைக்கலன்னா, மத்த இடமெல்லாம் அதுக்குள்ள போயிடுமா?"

போகாது. 1962-ல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி எழுதின கட்டுரையில் இருக்கிற யோசனை இது. ஆல்வின் ரோத்தும் எலியட் பெரன்சனும் வடிவமைச்ச முறை 1998-ல் இருந்து மேட்ச்ல ஓடுது. 2012-ல் ரோத்துக்கும் ஷேப்லிக்கும் பொருளாதார நோபலே கிடைச்சுது. விஷயம் சிம்பிள். உங்க முதல் சாய்ஸ் உங்களைத் தள்ளினா, ரெண்டாவது இடத்துக்குப் போவீங்க. அங்கே சீட்டு நிரம்பியிருந்தாலும், அவங்க லிஸ்ட்ல நீங்க மேல இருந்தா, கீழ இருக்கிறவரை எடுத்துட்டு உங்களை வச்சுப்பாங்க. கடைசி வரைக்கும் எந்த சீட்டும் உறுதி இல்ல. அதனால லேட்டா போனதுக்குத் தண்டனை கிடையாது.

"அப்போ கணக்குப் போட வேண்டியதே இல்லையா?"

"இல்லக்கா. உனக்கு எது வேணுமோ அந்த வரிசையில எழுது, அவ்ளோதான்."

ரொம்ப நேரம் சத்தமே இல்ல. தந்திரம்னு ஒன்னு இருந்தா அதுமேல பழியைப் போடலாம். இப்போ அதுவும் இல்ல. 'எனக்கு எது வேணும்'ங்கிற கேள்வி மட்டும்தான் மிச்சம்.

மறுநாள் மெசேஜ் வந்துச்சு: "முதல் மூணும் மயக்கவியல். ஆர்த்தோ நாலாவது. எழுதினப்புறம் அழுதேன்டா. ஆனா மாத்தத் தோணல."

அந்தத் திங்கட்கிழமை 'கிடைச்சிருக்கு'ன்னு மெயில். வெள்ளிக்கிழமை பார்த்தா, லிஸ்ட்ல ரெண்டாவது இடம்.

துறை மாத்தி மறுபடி விண்ணப்பிக்கிற யாராவது கேட்டுட்டு இருந்தா, ஒன்னுதான் சொல்வேன். கம்ப்யூட்டரை ஏமாத்த வழி தேடாதீங்க, அதுக்கு அவசியமே இல்ல. உங்களை நீங்களே ஏமாத்தாம அந்த லிஸ்ட்டை எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.