கவசம் போட்டால் கேள்வி வரும்

இங்கிலாந்தின் வடக்கே, கிழக்குக் கடலோரத்திலிருந்து மேற்குக் கடலோரம்வரை, மேடு பள்ளம் பார்க்காமல் ஒரு கல் மதில் ஓடுகிறது. ரோமானியப் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 122இல் கட்டத் தொடங்கிய மதில். நீளம் சுமார் 117 கிலோமீட்டர். அதன் கற்களில் பெரும்பகுதியைப் பின்னால் வந்த தலைமுறைகள் பெயர்த்துக்கொண்டு போய் வீடும் மாதா கோயிலும் தோட்டச் சுவரும் கட்டிவிட்டார்கள். மிஞ்சியிருப்பதைப் பார்க்க உலகமெங்கிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

கோடைக்கால வார இறுதிகளில் அந்த மதிலை ஒட்டிய பழங்கோட்டைகளுக்குப் போனால், சில நாட்களில் இரும்புக் கவசமும் தலைக்கவசமும் கேடயமுமாக ரோமானியப் படைவீரர்கள் அணிவகுத்து நிற்பதைக் காணலாம். கூலிக்கு வந்த நடிகர்கள் அல்ல. திங்கட்கிழமை காலையில் அவர்களில் ஒருவர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்துவார், இன்னொருவர் லாரி ஓட்டுவார், மற்றொருவர் ஆஸ்பத்திரி வார்டில் நிற்பார். தங்கள் ஓய்வு நேரத்தைக் கொடுத்து, பெட்ரோலுக்கும் தங்கள் காசையே போட்டு வருகிறவர்கள். இப்படிப் பழைய காலத்து உடையுடுத்தி, அந்தக் காலத்து வாழ்க்கையைக் கண்முன் செய்து காட்டுவதை ‘வாழும் வரலாறு’ என்கிறார்கள். அப்படி ஒரு குழுவில் நானும் இருக்கிறேன். அந்தத் தொண்டு என்ன, அதில் என்ன கிடைக்கிறது என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

இதை வேஷம் கட்டுவது என்று நினைக்கிறவர்கள் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கிட்டே வந்தால், அங்கே நடப்பது பெரும்பாலும் பேச்சு. கவசம் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றால் போதும், கண்காட்சிக் கண்ணாடிப் பெட்டியை எட்டிக்கூடப் பார்க்காத பிள்ளைகள் ஓடி வருவார்கள். நிஜ இரும்பா? வேர்க்காதா? தூங்கும்போது கழற்றுவீர்களா? மழை வந்தால் துருப்பிடிக்காதா? கக்கூஸுக்கு எங்கே போவார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். ஹவுஸ்டெட்ஸ் என்ற கோட்டையின் மூலையில் படைவீரர்கள் வரிசையாக உட்கார்ந்த பொதுக் கழிப்பறை, தண்ணீர் ஓடிய வாய்க்காலோடு இன்றும் இருக்கிறது. கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டிவிடலாம். உடுப்பு என்பது கேள்வி கேட்க ஓர் அழைப்பு. வந்த கேள்விக்கு உண்மையான பதில் சொல்வதுதான் எங்கள் தொண்டு. மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டுக்கு ஒரு கதை உண்டு. ரோமாபுரியில் பேரரசர் டிராஜனின் தூண் நிற்கிறது. அதில் பட்டை பட்டையாகத் தகடு சுற்றிய கவசத்தோடு வீரர்கள் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அந்தத் தகடுகள் எப்படிச் சேர்ந்து நின்றன என்பது நெடுங்காலம் புரியவில்லை. தோல் சட்டைமேல் தகடுகளைத் தைத்திருப்பார்கள் என்று அறிஞர்கள் எண்ணினார்கள். 1964இல், மதிலுக்குச் சற்றுத் தெற்கே கோர்பிரிட்ஜ் என்ற இடத்தில் மண்ணுக்கடியில் ஒரு மரப்பெட்டி அகப்பட்டது. உள்ளே கவசத் துண்டுகள், ஈட்டி முனைகள், கருவிகள், இன்னும் பல சாமான்கள். லண்டன் கோபுரத்தின் ஆயுதச் சாலையில் பணியாற்றிய ரஸ்ஸல் ராபின்சன் அந்தத் துண்டுகளை ஆராய்ந்து, தோல் சட்டை எதுவும் இல்லை, தகடுகளின் உட்புறத்தில் தோல் வார்களை ஆணியடித்து இணைத்திருக்கிறார்கள் என்று கண்டார். கண்டதோடு விடாமல், அதே போல ஒரு கவசம் செய்து மனிதர் உடம்பில் போட்டும் பார்த்தார்.

1972இல் குளோஸ்டர்ஷயரில் ஒரு கிராம விழாவுக்காக ரோமானியப் படைவீரர் உடுப்பு தைக்கத் தொடங்கிய சிலர், விழா முடிந்தும் கலையவில்லை. எர்மின் ஸ்ட்ரீட் கார்டு என்று பெயர் வைத்துக்கொண்டு, ஆராய்ச்சியாளர்களின் கண்டுபிடிப்புகளை வைத்துத் தங்கள் கவசத்தையும் கேடயத்தையும் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். பிரிட்டனில் இந்தத் துறைக்கு அவர்கள்தான் முன்னோடிகள். எங்களைப் போன்ற பிற்பாடு வந்த குழுக்கள் எல்லாம் அவர்கள் போட்ட தடத்தில் நடக்கிறவர்கள்தான்.

அந்தக் கவசத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். இடுப்பைச் சுற்றி வளைந்த தகடுகள், மார்புக்கும் முதுகுக்கும் தனித் தகடுகள், தோளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் தகடுகள். தோளில் பித்தளைக் கீல்கள். முன்பக்கத்தில் சின்னச் சின்னப் பித்தளை வளையங்களில் தோல் கயிற்றைக் கோத்து முடிய வேண்டும். தனியாகவும் போட்டுக்கொள்ளலாம், ஆனால் பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டால் பாதி நேரத்தில் முடிந்துவிடும். போட்டவுடன் கனம் தெரியாது. வெயிலில் நின்று ஒரு மணி நேரம் ஆனதும் தோள் எலும்பில் இரும்பு உட்கார்ந்துவிடும். உள்ளே பஞ்சோ கம்பளியோ வைத்துத் தைத்த தடித்த சட்டை இல்லாமல் நாள் முழுக்க இதைத் தாங்க முடியாது. ஆனால் அந்தக் காலத்து ரோமானியப் படைவீரனின் அப்படிப்பட்ட சட்டை ஒன்றுகூட மண்ணிலிருந்து கிடைத்ததில்லை. அதனால் சட்டையைக் காட்டும்போது சொல்லிவிடுவோம்: கவசம் மண்ணில் கிடைத்தது, சட்டை எங்கள் தோள் சொன்ன ஊகம். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் சட்டையைக் காட்டக் கூடாது என்பது குழுவில் கண்டிப்பு. எனக்கு அந்தக் கண்டிப்பு மிகவும் பிடிக்கும்.

உடம்பு சொல்லித்தரும் பாடங்கள் இன்னும் உண்டு. அந்தப் பித்தளைக் கீல்களும் கொக்கிகளும் உடைந்த நிலையில் அகழாய்வுகளில் ஏராளமாகக் கிடைக்கின்றன. எங்கள் பிரதிகளிலும் முதலில் தெறிப்பவை அவையே. ஒரு சிப்பாய் கூடாரத்தில் உட்கார்ந்து அவற்றைச் சலித்துக்கொண்டே பழுது பார்த்திருப்பான் என்பது, நீங்களே ஆணியும் சுத்தியலுமாக உட்காரும்போது விளங்கும். செருப்பின் அடியில் இரும்பு ஆணிகள். புல்தரையில் அருமையாகப் பிடிக்கும், வழவழப்பான கல் தளத்தில் சறுக்கும். கி.பி. 70இல் ஜெருசலேம் முற்றுகையின்போது ஜூலியானஸ் என்ற நூற்றுவர் தலைவன் கோயில் முற்றத்துக் கல் தளத்தில் ஆணிச் செருப்போடு ஓடி, வழுக்கி விழுந்து, சூழ்ந்துகொண்டவர்கள் கையில் மாண்டான் என்று யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் எழுதியிருக்கிறார். அருங்காட்சியகத்தின் பளிங்குத் தரையில் அந்தச் செருப்போடு நாலு எட்டு வைத்தவர் யாரும் இந்தக் கதையை மறக்க மாட்டார்.

1985இல் ஜெர்மானிய வரலாற்றாசிரியர் மார்கஸ் யுங்கெல்மான் சில தோழர்களோடு, முழுக் கவசமும் மூட்டையுமாக இத்தாலியின் வெரோனாவிலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து ஆக்ஸ்பர்க் வரை நடந்தே போனார். செருப்பும் மூட்டையும் எங்கே அழுத்துகின்றன, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போக முடியும் என்பது நடந்து பார்த்துத் தெரிந்த விவரமானது.

கற்றது மாறவும் செய்யும். ஜெர்மனியில் கால்கிரீசே என்ற பழைய போர்க்களத்தில் 2018இல் ஒரு முழுக் கவசம் மண்கட்டியோடு எடுக்கப்பட்டது. கி.பி. 9இல் அங்கே ரோமானியர் தோற்ற போரைச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது. இந்த வகைக் கவசங்களில் இதுவரை கிடைத்தவற்றில் மிக முழுமையானது, முழுக் கவசங்களில் மிகப் பழையது. இப்படி ஒன்று வெளிவந்தால், கைக்காசு போட்டுச் செய்த பழைய பிரதியைப் பிரித்துத் திருத்த வேண்டியிருக்கும். திருத்துகிறார்கள், முகம் சுளிக்காமல்.

இனி, என்னை நோக்கி அடிக்கடி வரும் கேள்விக்கு வருகிறேன். என் நிறத்தைப் பார்த்துவிட்டுச் சில பிள்ளைகள் ஒளிவு மறைவில்லாமல் கேட்பார்கள்: உங்களை மாதிரி ஆள் அப்போது இங்கே இருந்தாரா? கூட வந்த பெற்றோர் கூச்சத்தில் பிள்ளையை இழுப்பார்கள். வேண்டாம், அது நல்ல கேள்வி என்று சொல்லி நான் குனிந்து உட்கார்ந்துவிடுவேன்.

மதிலின் மேற்கு முனைக்கருகே பர்க் பை சாண்ட்ஸ் என்ற ஊரில் வட ஆப்பிரிக்க மூர் வீரர்களின் படைப்பிரிவு ஒன்று இருந்ததற்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. கிழக்கு முனைக்கருகே, இன்றைய சவுத் ஷீல்ட்ஸ் நகரில், டைக்ரிஸ் ஆற்றுப் படகோட்டிகளின் பிரிவு இருந்தது. அது இன்றைய ஈராக் பக்கம். ஆக, கறுத்தவரும் மாநிறத்தவரும் இந்தக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காவல் நின்றிருக்கிறார்கள். அப்படியானால் தமிழர்? அதற்குச் சான்று இல்லை, அதனால் இருந்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் பக்கத்துச் சரக்கு ஒன்று நிச்சயமாக வந்தது. மதிலை அடுத்த விண்டோலாண்டா கோட்டையில் 1973 முதல் மெல்லிய மரச் சீவல்களில் மையால் எழுதிய கடிதங்களும் கணக்குகளும் கிடைத்துவருகின்றன. காலுறையும் உள்ளாடையும் அனுப்பியிருப்பதாக ஒரு கடிதம். பிறந்தநாளுக்கு வரச்சொல்லித் தோழிக்கு ஒரு கடிதம். அவற்றினிடையே ஒரு கணக்குச் சீட்டு: டாப்போ மகன் காம்பாக்ஸ், மிளகு, இரண்டு தினாரியஸ். சேர நாட்டுக் கரையில் மரக்கலம் ஏறிச் செங்கடல் வழியே போன மிளகு, பிரிட்டனின் வட கோடியில் ஒரு சிப்பாயின் பற்றில் எழுதப்பட்டுவிட்டது. எங்கள் கூடாரத்துச் சமையலில் தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது, மிளகாய் கிடையவே கிடையாது. அவையெல்லாம் அமெரிக்காவிலிருந்து பின்னால் வந்தவை. ஆனால் மிளகு உண்டு. ஒரு சிட்டிகையைப் பிள்ளைகள் உள்ளங்கையில் வைத்து, இது எங்கிருந்து வந்தது தெரியுமா என்று நான் கேட்பேன். அந்த நேரத்தில் எனக்கு வரும் பெருமிதத்தை மறைக்க நான் முயல்வதில்லை.

பெருமிதத்தோடு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ரோமானியப் படை ஊரை அடக்க வந்த படை. நாங்கள் மளமளவென்று அணிவகுத்து நிற்கையில் கூட்டம் கைதட்டும், அந்தக் கைதட்டலில் இது மறந்துபோகக் கூடாது. சவுத் ஷீல்ட்ஸில் கிடைத்த ஒரு கல்லறைக் கல் எனக்கு மிக நெருக்கமானது. ரெஜீனா என்ற பெண்ணுடையது. தென் பிரிட்டனின் காட்டுவெல்லானி இனத்தவள். அடிமையாய் இருந்தவளை விடுவித்து மணந்தவர் பாராட்டஸ், சிரியாவின் பல்மைரா ஊர்க்காரர். முப்பது வயதில் அவள் இறந்தாள். கல்லில் அவள் நூற்கும் கழியும் கதிரும் பிடித்து உட்கார்ந்திருக்கிறாள், காலருகே கம்பளி உருண்டைகள் நிறைந்த கூடை. லத்தீன் வாசகத்துக்குக் கீழே கணவன் தன் தாய்மொழி எழுத்தில் ஒரு வரி வெட்டுவித்திருக்கிறான். பாராட்டஸ் விடுவித்த ரெஜீனா, ஐயோ என்பது அதன் கருத்து. அந்தத் துக்கம் உண்மையானது. அவள் அடிமையாய் இருந்தவள் என்பதும் உண்மையானது. எங்கள் குழுவில் நூல் நூற்றுக் காட்டும் அம்மா ஒருவர் இருக்கிறார். கவசக்காரர்களைச் சுற்றிக் கூட்டம் மொய்க்கும்போது அவர் ஓரமாய் உட்கார்ந்து கதிரைச் சுழற்றுவார். பேசத் தொடங்கினால் ரெஜீனாவில்தான் தொடங்குவார். ஒரு வீரனின் உடைக்கு எத்தனை பெண்கள் எத்தனை நாள் நூற்றிருக்க வேண்டும் என்று அவர் கேட்கும்போது, கவசம் பார்க்க வந்தவர்கள் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். அணிவகுப்பைவிட அவர் கூடாரத்தில்தான் வரலாறு அதிகம் நடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

சேர விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இத்தகைய குழுக்களில் புதியவருக்குப் பொதுச் சாமான்களிலிருந்து உடுப்பு இரவல் கிடைக்கும். எடுத்த எடுப்பில் கவசம் வாங்கிவிட வேண்டியதில்லை. கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, பிளாஸ்டிக் புட்டி எல்லாம் கூடாரத்துக்குள் ஒளிய வேண்டும். லத்தீன் ஆணைகள் சில வாரங்களில் காதுக்குப் பழகிவிடும். எண்ணெய்த் துணியால் தகட்டைத் துடைப்பதுதான் பெரும்பாடு, இங்கிலாந்தின் மழை அப்படி. ஓடியாட முடியாதவர்களுக்கும் இடமுண்டு. தையல் தெரிந்தவர், தோல் வேலை தெரிந்தவர், மாவரைக்கக் கைத்திரிகை சுற்றத் தயங்காதவர் எல்லோரும் வேண்டும்.

எனக்கு ஓர் ஆசை இருக்கிறது. சங்க நூலான முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காவல் காக்கும் யவனர், அதாவது கிரேக்க, ரோமானிய நாட்டவர், வருகிறார்கள். அவர்கள் உடம்பில் சட்டை போட்டிருந்ததைப் புலவர் கவனித்துச் சொல்லியிருக்கிறார். மேலாடையைப் போர்த்தும் நாட்டில் அந்தச் சட்டை கண்ணில் பட்டிருக்கிறது. அது எந்தத் துணி? கம்பளியா, நம் ஊர்ப் பருத்தியா? கை நீளமா, குட்டையா? பாசறையில் கிழிந்தால் யார் தைத்தார்கள், எந்த ஊசியால்? அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியது முதல் கீழடி வரை மண் நமக்கு எவ்வளவோ கொடுத்திருக்கிறது. அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நெசவாளரும் ஒரு தையற்காரரும் ஒரு தமிழ் ஆசிரியரும் சேர்ந்து அந்தச் சட்டையை ஒருமுறை தைக்க வேண்டும். தைத்து, ஓர் ஆளுக்குப் போட்டுவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடுவே நிறுத்த வேண்டும். எது சான்று, எது ஊகம் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். மதுரையிலோ புதுச்சேரியிலோ யாராவது தொடங்கினால், இங்கே எண்ணெய்த் துணியை வைத்துவிட்டு நூலும் ஊசியுமாக வர நான் தயார்.