பழைய மாத்திரையும் மாதாந்தர இரத்தப் பரிசோதனையும்

(ஆதரவாளர் கூடுகையில் ஆஸ்பத்திரி போதகர் ஆற்றிய உரை)



உங்களில் சிலர் என்னிடம் தனியே கேட்டதுண்டு: "எத்தனையோ புது மருந்துகள் வந்துவிட்டனவே, நம் ஆஸ்பத்திரியில் இருதய நோயாளிகளுக்கு இன்னும் அந்தப் பழைய வார்ஃபரின் மாத்திரையையா கொடுக்கிறீர்கள்? பணம் போதவில்லையா?" அக்கறையோடு கேட்ட கேள்வி. நான் வைத்தியன் அல்ல, வார்டுகளில் ஜெபிக்கச் செல்கிறவன். ஆனாலும் நம் டாக்டர்களிடம் விசாரித்து அறிந்ததைச் சொல்கிறேன். பணக்குறைவு இதற்குக் காரணம் அல்ல.

நம்மிடம் வரும் இந்த வியாதியஸ்தரில் அநேகர் நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள், கூலி வேலை செய்கிறவர்கள். சிறுவயதில் தொண்டைப்புண் வந்து, அதைத் தொடர்ந்து மூட்டுவலியும் காய்ச்சலும் கண்டிருக்கும். அன்று யாரும் அதைப் பெரிதாக எண்ணியிருக்கமாட்டார்கள். அந்த ருமாட்டிக் காய்ச்சல் இருதய வால்வைத் தாக்கி, வருஷங்கள் கழித்து அது சுருங்கிப்போகிறது. இரத்தம் இடது மேலறையில் தேங்க, அறை விரிந்து, சீராகச் சுருங்காமல் வெறுமனே துடிதுடித்துக்கொண்டிருக்கிறது. டாக்டர்கள் இதை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறார்கள். நாடி பிடித்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கும் இராது.

இதனால் இரண்டு கேடுகள். இருதயம் தாறுமாறாய் ஓடும்போது இரத்தம் நிரம்ப அவகாசமில்லை. நுரையீரலில் நீர் கோத்து, படுத்தால் மூச்சுத் திணறும், கால் வீங்கும். இதுவே இருதயச் செயலிழப்பு. இதற்கு நீர் மாத்திரையும், ஓட்டத்தைத் தணிக்க டிகாக்சின் போன்ற மருந்தும் உண்டு. (டிகாக்சின் வகை மருந்தும் பழையதுதான். 1785இல் இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் விதரிங், ஃபாக்ஸ்குளோவ் என்னும் செடியின் இலையைப்பற்றிப் புத்தகமே எழுதினார். ஒரு கிராமத்து மூதாட்டியின் நாட்டு மருந்திலிருந்துதான் அவர் அதை அறிந்தார்.) இரண்டாவது கேடு, தேங்கிய இரத்தம் உறைந்து கட்டியாகி மூளைக்குப் போவது. அதுதான் பக்கவாதம்.

உறைவதைத் தடுப்பது வார்ஃபரின். அமெரிக்காவில் கெட்டுப்போன ஒருவகைத் தீவனம் தின்ற மாடுகள் இரத்தம் ஒழுகிச் செத்தன. காரணத்தை விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். அந்த ஆராய்ச்சியில் பிறந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்து, 1954இல் மனிதருக்கும் அனுமதியானது. இதைக் கேட்ட நம் மூப்பர் ஒருவர் திடுக்கிட்டுப்போனார்! அளவில்தான் எல்லாம் இருக்கிறது. குறைந்தால் இரத்தம் உறையும், கூடினால் கசியும். ஆகவே ஐ.என்.ஆர். என்ற பரிசோதனையில் எண் 2க்கும் 3க்கும் நடுவே நிற்கிறதா என்று மாதாமாதம் பார்க்கவேண்டும். ஒரு வாரம் முருங்கைக்கீரை நிறையச் சாப்பிட்டு மறுவாரம் தொடாமல் விட்டாலும் எண் மாறும். கீரையை விலக்க வேண்டாம், ஒரே அளவாய்ச் சாப்பிடுங்கள் என்று நம் நர்சுகள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோகிறார்கள்.

ரிவராக்சபான் போன்ற புது மருந்துகளுக்கு இந்தப் பரிசோதனை வேண்டியதில்லை. ருமாட்டிக் வால்வு நோய் இல்லாத பெரும்பாலோருக்கு அவை நல்லவை. நம் ஜனங்களுக்கும் நல்லவையாய் இருக்கும் என்றே எல்லாரும் எதிர்பார்த்தார்கள். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா என 24 நாடுகளில் 4,500க்கு மேற்பட்ட ருமாட்டிக் நோயாளிகளைச் சேர்த்து இன்விக்டஸ் என்ற ஆய்வு நடந்தது. இந்தியாவும் அதில் உண்டு. 2022இல் முடிவு வந்தபோது, பழைய மருந்து வகையைச் சாப்பிட்டவர்களிடையே மரணம் குறைவு. இரத்தக்கசிவும் கூடவில்லை. இன்னும் ஒரு விசேஷம், குறைந்தது பெரும்பாலும் பக்கவாத மரணம் அல்ல. திடீர் மரணமும் இருதயச் செயலிழப்பால் வரும் மரணமுமே. பரிசோதனைக்காக மாதாமாதம் டாக்டர் கண்ணில் பட்டதும் உதவியதோ என்ற கேள்வி எழுந்தது. அதை யாரும் நிரூபிக்கவில்லை. வார்டில் நடமாடும் எனக்கோ அது நம்பத்தக்கதாகவே படுகிறது.

ஆகவே நமக்குக் கஷ்டம் மாத்திரையின் விலையில் இல்லை, மாதாமாதம் வருவதில் இருக்கிறது. நடவு காலத்தில் மூன்று மாதம் வராதிருந்த ஒரு அம்மாவை, வலது கையும் பேச்சும் போன நிலையில் ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். "மாத்திரை தீர்ந்துச்சு ஐயா. அம்மாவுக்குப் படபடப்பும் இல்லை, நல்லாத்தான இருக்காங்கன்னு விட்டுட்டோம்" என்றாள் மகள். அந்தக் குடும்பத்தை நான் குறைசொல்லமாட்டேன். ஒரு நாள் வந்துபோனால் ஒரு நாள் கூலி போகிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லையே என்பீர்கள். தூரத்து ஊர்களிலிருந்து வருகிற பஸ்ஸுக்கு அது செல்லாது.

இந்த வருஷம் நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பகுதியை விரல் நுனி இரத்தத்திலேயே ஐ.என்.ஆர். பார்க்கும் சிறு கருவிக்கும், அதை எடுத்துக்கொண்டு ஊர்களுக்கே போகும் நர்சின் பயணச் செலவுக்கும் ஒதுக்கவேண்டுமென்று கேட்கிறோம். காணிக்கை உறையின்மேல் "இருதய நோயாளர்" என்று எழுதினால் அலுவலகத்தில் அதற்குத் தனிக் கணக்கு வைப்பார்கள்.