விளக்கு எரிந்தால் மட்டும் போதுமா?



வீட்டில் மின்சார வேலை முடிந்ததும் நாம் செய்யும் சோதனை ஒன்றே ஒன்றுதான். சுவிட்சைப் போடுகிறோம்; விளக்கு எரிகிறது; வேலை சரியாயிற்று என்று மனநிறைவு கொள்கிறோம். ஆனால், விளக்கு எரிவது வேலை முடிந்ததற்கு அடையாளமேயன்றி, ஆபத்து இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

முதலாவது, சுவிட்ச். இது ஃபேஸ் கம்பியில் அமைதல் வேண்டும். தவறாக நியூட்ரல் கம்பியில் அமைத்துவிட்டாலும் விளக்கு எரியும், அணையும். ஆயினும், அணைந்த பின்னரும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும். பல்பு மாற்றக் கை வைப்பவருக்கு அதுவே எமனாகலாம். ஆகவே, பல்பு மாற்றுமுன் மெயினை நிறுத்துவதை வழக்கமாகக் கொள்வோமாக.

இரண்டாவது, பியூஸ். அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைக் கட்டிவிடுகிறோம். விளக்கு என்னவோ எரிகிறது. ஆனால், அளவு மீறி மின்சாரம் பாயும்போது பியூஸ் உருகுவதில்லை. மாறாக வயர் சூடேறுகிறது. கூரை வீடாயின் தீப்பற்றவும் கூடும். பியூஸ் போவது பழுதன்று. பழுதை அறிவிக்கும் எச்சரிக்கை. காரணத்தைக் கண்டு களைவதே முறை.

மூன்றாவது, எர்த். எர்த் கம்பியை இணைக்காமல் விட்டாலும் கிரைண்டர் சுற்றும். உள்ளே வயரின் உறை தேய்ந்து கம்பி பட்டுவிட்டால், அதன் உலோகப் பகுதி முழுவதிலும் மின்சாரம் ஏறிவிடும். ஈரக்கையும் வெறுங்காலுமாக மாவரைக்கும் நம் வீட்டுப் பெண்மணியின் உடலே அப்போது எர்த் ஆகிவிடுகிறது.

எர்த் இருந்தாலும், கோடையில் மண் காய்ந்தால் அதன் பயன் குன்றும். அதன் தடை 100 ஓம் ஆயின், அதன் வழியே 2.3 ஆம்பியர்தான் பாயும். 5 ஆம்பியர் பியூஸ் அதற்கு உருகாது. உயிரைப் போக்கவோ ஓர் ஆம்பியரில் நூற்றில் சில பங்கே போதும். ஆதலால், எர்த் குழியில் கரியும் உப்பும் இட்டு, கோடையில் தவறாது நீர் ஊற்றி வருவோம். அத்துடன், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியையும் பொருத்துவோம். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்த்தல் நலம்.

இவ்வேலைகளை உரிமம் பெற்றவரிடமே ஒப்படைப்போம். கூலி கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்போம்: சுவிட்ச் ஃபேஸில் உள்ளதா? பியூஸ் எத்தனை ஆம்பியர்? எர்த் எங்கே புதைக்கப்பட்டுள்ளது? நேரில் காட்டச் சொல்வதில் தவறில்லை.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு பொறுப்பு உண்டு. பள்ளிக்கூடம், சத்துணவுக்கூடம், குடிநீர் மோட்டார் அறை ஆகியவற்றை ஐப்பசி மழைக்கு முன்பே தகுதியுடையோரைக் கொண்டு சோதித்தல் வேண்டும். அங்கே சுவரைத் தொட்டு விளையாடுபவர்கள் நம் குழந்தைகளே. விளக்கு எரியட்டும், அதனடியில் நாம் அச்சமின்றி வாழ்வோமாக.