குளமும் கிணறும் யார் பொறுப்பு?



பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை. அது தமிழ்நாடு. எல்லைக்கு இரண்டு பக்கமும் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் மக்கள். இரண்டு பக்கமும் கிணறுகள், குளங்கள். கெட்ட தண்ணீருக்கு எல்லை கிடையாது.

2024ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். நெய்யாற்றின்கரை அருகே கண்ணறவிளையில் ஒரு குளம். அதில் குளித்த இளைஞர்கள் சிலருக்கு அமீபா மூளைக்காய்ச்சல் வந்தது. ஓர் உயிர் போயிற்று. அமீபா கண்ணுக்குத் தெரியாத கிருமி. தேங்கிய, வெதுவெதுப்பான நீரில் வளரும். பெரும்பாலும் மூக்கு வழியாக மூளைக்குப் போகும்.

குளத்தைச் சுத்தமாக வைப்பது யார் பொறுப்பு? 1994ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம், பொதுக் குளங்களையும் பொதுக் கிணறுகளையும் பஞ்சாயத்திடம் ஒப்படைத்தது.

பணத்துக்கு என்ன வழி? 1996இல் கேரளத்தில் மக்கள் திட்டம் தொடங்கியது. மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குத் தர அப்போது முடிவானது. மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழுவும் பணம் தந்தது. 2021 முதல் 2026 வரை, கிராம உள்ளாட்சிகளுக்கு வந்த அந்தப் பணத்தில் 100 ரூபாய்க்கு 30 ரூபாய் குடிநீருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும். இன்னொரு 30 ரூபாய் சுகாதாரத்துக்கு. வேறு செலவுக்கு அதைத் தொடக்கூடாது.

பணம் உண்டு. ஆனால் எந்தக் குளத்துக்கு, எந்தக் கிணற்றுக்கு? அதைச் சொல்லும் இடம் கிராம சபை. பாறசாலை போன்ற பஞ்சாயத்தில் வார்டுதோறும் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூடவேண்டும். பத்தில் ஒருவராவது வரவேண்டும். நெய்யாற்றின்கரை நகராட்சியில் அதற்கு வார்டு சபை என்று பெயர். தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது.

பலர் என்ன செய்கிறார்கள்? வீட்டுக்கு உதவி கிடைக்குமா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். குளத்துக்காகப் பேச ஆள் இல்லை. பேசாத குளத்துக்குப் பணம் வராது.

அடுத்த சபையில் நான்கு கேள்விகள் கேளுங்கள்:

1. தண்ணீருக்கு இந்த ஆண்டு எவ்வளவு பணம்?
2. எந்த வேலைக்கு ஒதுக்கினீர்கள்?
3. வேலை முடிந்ததா? கணக்கு எங்கே?
4. தண்ணீரைச் சோதித்தீர்களா?

பதில் வரவில்லையா? 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுதிக் கேளுங்கள். எழுத்துக் கற்றது இதற்கும்தான்.

வீட்டுக் கிணறு வீட்டாரின் பொறுப்பு. 1,000 லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். கிணற்றின் குறுக்களவு 2 மீட்டர், தண்ணீர் ஆழம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2 × 2 × 3 × 785 = 9,420 லிட்டர். சுமார் 24 கிராம் பவுடர் வேண்டும். வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவிடுங்கள். தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள்.

கணக்குத் தெரிந்தவர்கள் கிணற்றைக் காக்கலாம். கேள்வி கேட்பவர்கள் குளத்தைக் காக்கலாம். அடுத்த சபைக்குத் தனியாகப் போகாதீர்கள். அயல்வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.