ஒரு தோல் காத்த பெயர்

ஆலன் ஆக்டேவியன் ஹியூம் என்னும் பெயரை வரலாற்று நூல்களில் படித்திருப்பீர்கள். 1885-ஆம் ஆண்டில் காங்கிரஸ் மகாசபை தோன்ற முன்நின்று உழைத்தவர் அவர். தாம் திரட்டிய பல்லாயிரம் பறவைத் தோல்களை அதே ஆண்டில் அவர் இலண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வழங்கினார். அவற்றுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1867-ஆம் ஆண்டு நவம்பரில், இமயமலைப் பகுதியில், சட்லெஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இராம்பூருக்கு அருகே ஹியூமுக்கு ஒரு சிறு குருவி கிடைத்தது. மங்கிய பழுப்பு நிறம். சற்றே நீண்ட அலகு. கண்ணைக் கவரும் அழகு ஒன்றும் அதற்கில்லை. கதிர்க்குருவிகளுள் இது புதிய இனம் என்று கருதி, பெரிய அலகைக் குறிக்கும் பெயரொன்றை 1869-இல் அவர் சூட்டினார். ஆனால், அப்பெயர் வேறொரு குருவிக்கு முன்னரே இடப்பட்டிருந்தது. ஒரு பேரினத்துள் இரண்டு இனங்கள் ஒரே பெயரைத் தாங்கலாகாது என்பது விலங்கியலார் விதி. ஆகவே, 1905-இல் ஓபர்ஹோல்சர் என்ற அமெரிக்க அறிஞர் அதற்கு அக்ரோசெபாலஸ் ஒரைனஸ் என்று மறுபெயர் இட்டார்.

பெயர் மாறிற்று, அது சுட்டும் பொருள் மாறவில்லை. புதிய இனத்துக்குப் பெயரிடுவோர், "இப்பெயருக்கு உரியது இதுவே" என்று ஓர் உடலைக் காட்டுதல் வேண்டும். அதனை மூல மாதிரி என்பர். வருணனை தவறலாம், ஓவியத்தின் வண்ணம் மங்கலாம். ஐயம் எழும்போதெல்லாம் அவ்வுடலையே எடுத்துப் பார்க்கலாம். பறவையைக் கொன்று பஞ்சடைத்து வைப்பது எனக்கு உவப்பான செயலன்று. ஆயினும், இக்குருவியின் கதையை அறிந்தபின் அதனை வெறுங் கொடுமை என்று தள்ள என்னால் இயலவில்லை.

நூறாண்டுக்கு மேலாக அந்த ஒரு தோலைத் தவிர வேறு சான்று இல்லை. வேறோர் இனத்தின் திரிந்த உருவமோ என்றுகூட அறிஞர்கள் ஐயுற்றனர். 2002-இல் ஸ்டாஃபன் பென்ஷ், டேவிட் பியர்சன் என்ற இருவர் அதன் மரபணுவை ஆராய்ந்து, தனி இனமே என்று நிறுவினர். ஹியூம் அதனைப் பதப்படுத்திய நாளில் மரபணு என்ற சொல்லே பிறக்கவில்லை!

2006 மார்ச்சில் தாய்லாந்தில், பிலிப் ரவுண்ட் என்பவர் விரித்த வலையில் நீண்ட அலகுடைய குருவி ஒன்று சிக்கியது. அதன் மரபணுவை ஹியூமின் குருவியோடு ஒப்பிட்டனர், பொருந்திற்று. 139 ஆண்டுகளுக்குப் பின் அப்பெயருக்கு உயிருள்ள உடல் ஒன்று கிடைத்தது.

அதன்பின் இங்கிலாந்தில் டிரிங் என்னும் ஊரிலுள்ள அருங்காட்சியகத்தில், பழைய இழுப்பறைகளை மீண்டும் புரட்டினர். குளிர்காலத்தில் நம் தமிழ்நாட்டுக்கும் வந்துபோகும் பிளித் நாணல் கதிர்க்குருவிகளின் தோல்களிடையே, 1869-இல் கிடைத்த இன்னொரு ஒரைனஸ் கிடந்தது. அதுகாறும் எவரும் அதனை அடையாளம் காணவில்லை.