மூளையா? மனசாட்சியா?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர், "மனசாட்சின்னு ஒண்ணு கிடையாது, எல்லாம் மூளையில ஓடுற மின்சாரம்"னார். எங்க கடலூர்ல மின்சாரம் அடிக்கடி போயிடுமேய்யா! (சிரிப்பு)

அவர் சொன்ன ஆய்வு உண்மைதான். 2001-இல் அமெரிக்காவில் ஜோஷுவா கிரீன் குழுவினர் ஆட்களை ஸ்கேன் கருவியில் படுக்கவைத்துக் கேட்டார்கள்: பாலத்திலிருந்து ஒருவரைத் தள்ளினால் டிராலி நின்று ஐந்து பேர் பிழைப்பார்கள், தள்ளலாமா? உணர்ச்சிக்குரிய மூளைப் பகுதிகள் கூடுதலாக இயங்கின. சரி, தள்ளலாமா கூடாதான்னு ஸ்கேன் சொல்லிச்சா?

சிதம்பரத்தில் என் அம்மா புற்றுநோயில் துடிச்சாங்க. டாக்டர், "மார்ஃபின் போட்டா வலி அடங்கும், மூச்சும் குறையலாம். போடவா?"ன்னார். தலையாட்டினேன். மறுநாள் அம்மா இல்லை. நானே அனுப்பிட்டேனோ? மாதக்கணக்கில் தூக்கமில்லை.

கடலூரில் ஒரு பாதிரியார் நண்பரிடம் அழுதேன். அவர் சொன்னார்: "ஒரு செயலுக்கு இரண்டு விளைவு உண்டுன்னு தாமஸ் அக்வினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிட்டார். 1957-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் மருத்துவர்களிடம், வேறு வழியில்லாதபோது வலி தணிக்கும் மருந்தை, ஆயுள் குறையக்கூடுமென்றாலும் கொடுக்கலாம். கொல்லும் நோக்கம் மட்டும் கூடாது என்றார். ஐயா, நீங்க நாடியது எது?"

அளவோடு கொடுத்தால் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பது அரிது என்கிறது இன்றைய மருத்துவம். அது ஆறுதல். ஆனா அந்தக் கேள்விக்கு எந்த ஸ்கேனும் பதில் சொல்லாது, நான்தான் சொல்லணும். "அம்மா ஒரு ராத்திரி நிம்மதியாத் தூங்கணும்னு நாடினேன்"னேன். அன்னிக்குத்தான் நானும் தூங்கினேன்.

மூளை வழி காட்டும்; கணக்குக் கேட்பது மனசாட்சியே என்று கூறி அமர்கிறேன். (கைதட்டல்)