ஓதச் சுவரும் மூட்டைப் பூசணமும்



ஐப்பசி மழையில் மண்சுவர் ஓதம் கொள்வது தாங்கள் அறிந்ததே. சுவர்ப் பூசணம் இருமலையும் மூச்சிரைப்பையும் தூண்டும். அதனினும் கொடியது, அச்சுவரில் சாத்திய மூட்டைக்குள் பிடிப்பது. அதைக் கழுவி, வெயிலில் உலர்த்தி உண்பது நம் வழக்கம். நானும் அவ்வாறு உண்டவனே. பூசணம் போகும், அதன் நஞ்சு போகாது, சமைத்தாலும் முற்றும் அழியாது. 1974-ஆம் ஆண்டில் ராஜஸ்தான், குஜராத் மாநிலக் கிராமங்களில், பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு 100-க்கும் மேற்பட்டோர் ஈரல் நோயால் மாண்டனர். நம் நிலக்கடலையையும் அந்நஞ்சு பற்றும். ஆகவே, குலுக்கினால் உள்ளே பருப்பு ஒலிக்கும்வரை கடலையைக் காயவையுங்கள்; மூட்டைகளைப் பலகைமீது, சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். கெட்டதைப் புதைக்க மனம் வராதுதான். ஆயினும் கறவை மாட்டுக்கு வைத்துவிடாதீர்கள். அந்நஞ்சு பாலின் வழியே குழந்தையிடம் வந்து சேரும்.